மீன் இடம் மாறும், துறைமுகம் எங்கே போகும்?

கேரளக் கரையில் 2012ஆம் ஆண்டு பிடிபட்ட மத்தி எனும் சாளை மீன் கிட்டத்தட்ட 4 லட்சம் டன். 2021இல் 3,297 டன். நூற்றுக்கு ஒரு பங்குகூடத் தேறவில்லை. கொச்சியில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் பல பத்தாண்டுகளாகக் கரையில் இறங்கும் மீனைக் கணக்கெடுத்து வருகிறது. அதன் ஏடுகளில் இவ்வளவு தாழ்ந்த எண்ணைப் பார்க்க வேண்டுமானால் 1994க்குப் போக வேண்டும். பணமாகச் சொன்னால் இன்னும் உறைக்கும். 2014இல் கரையில் விற்ற மத்தியின் மதிப்பு 608 கோடி ரூபாய். 2021இல் 30 கோடி.

இதைக் கேட்டதும் பலர் உடனே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள்: கடல் சூடாகிறது, மீன் சாகிறது. ஆனால் அடுத்த ஆண்டே, 2022இல், அதே கரையில் மத்தி ஒரு லட்சம் டன்னைத் தாண்டியது. 2024இல் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் டன். கடல் ஒரே ஆண்டில் குளிர்ந்துவிடவில்லையே, பிறகெப்படி மீன் திரும்பி வந்தது? திரும்பி வந்தபோதும் மீனவர் கையில் ஏன் காசு நிற்கவில்லை? காலநிலை மாற்றம் கடலையும் கடலை நம்பிய பிழைப்பையும் என்ன செய்கிறது என்று புரிந்துகொள்ள இந்த இரண்டு கேள்விகளும் போதும். நான் பார்த்த வரையில், சூடாகும் கடலில் மீன் ஒட்டுமொத்தமாக இல்லாமல் போவதைவிட, அது வரும் நேரமும் இடமும் அளவும் கலைந்துபோவதுதான் கரையை முதலில் அடிக்கிறது. மீனுக்குத் துடுப்பு இருக்கிறது, ஒத்துவராவிட்டால் நகர்ந்துகொள்ளும். துறைமுகம், ஐஸ் தொழிற்சாலை, வங்கிக் கடன், தடைக்காலத் தேதி எதற்கும் அந்த வசதி கிடையாது.

மத்தி ரொம்பச் சின்ன ஆயுள் கொண்ட மீன். இரண்டரை ஆண்டு இருந்தாலே அதிகம். ஓராண்டில் 15 சென்டிமீட்டர் அளவுக்கு வளர்ந்து முட்டையிடத் தயாராகிவிடும். அந்த முட்டையிடும் காலம் தென்மேற்குப் பருவமழையோடு பிணைந்தது. ஜூன் மாதம் கச்சான் காற்று வலுக்கும்போது, மேற்குக் கரையை ஒட்டியுள்ள மேல்மட்டத் தண்ணீர் காற்றாலும் பூமியின் சுழற்சியாலும் கரையைவிட்டு விலகிப் போகிறது. அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த தண்ணீர் மேலே வருகிறது. கீழேயிருந்து வரும் இந்தத் தண்ணீரில்தான் சத்து இருக்கிறது: மேலிருந்து செத்து விழுந்தவை எல்லாம் மக்கிக் கரைந்த நைட்ரேட், பாஸ்பேட், சிலிகேட். வெளிச்சம் படும் இடத்துக்கு அது வந்ததும் டயாட்டம் எனப்படும் கண்ணுக்குத் தெரியாத பாசிகள் கடல் நிறம் மாறும் அளவுக்குப் பெருகுகின்றன. மத்தி வாயைத் திறந்துகொண்டு நீந்தி, செவுளில் வடிகட்டி, அதைத்தான் தின்கிறது. அந்தப் பாசியின் கொழுப்புதான் மத்தியின் எண்ணெய். நல்ல மத்தியைப் பொரிக்கும்போது சட்டியில் எண்ணெய் விடவே வேண்டாம் என்பார்களே, அந்த மீன் நல்ல பருவத்தில் பாசி தின்று வளர்ந்த மீன்.

ஆக, காற்று, குளிர்ந்த தண்ணீர், பாசி, குஞ்சு பொரிக்கும் நாள் என நான்கும் ஏறத்தாழ ஒரே வாரங்களில் ஒன்றுகூட வேண்டும். பாசி பெருகி ஓய்ந்த பிறகு குஞ்சு பொரித்தால் தின்ன ஒன்றும் இருக்காது. ஒரு தலைமுறைக் குஞ்சுகள் பட்டினி கிடந்தால், இரண்டரை ஆண்டு ஆயுள் உள்ள மீனுக்கு அதுவே பெரிய அடி. அடுத்த ஆண்டு நல்லபடியாக அமைந்தால், மிச்சம் இருக்கும் கொஞ்சம் மீனே கோடிக்கணக்கில் முட்டையிட்டு மேலே வந்துவிடும். மத்தியின் ஏற்ற இறக்கம் இவ்வளவு செங்குத்தாக இருப்பதற்குக் காரணம் இதுதான். இன்று நேற்று வந்ததும் அல்ல. 1940களின் தொடக்கத்தில் மலபாரில் மத்தி காணாமல் போனபோது, மலபாரை ஆண்ட சென்னை மாகாண அரசு சில வலைகளுக்கும் சின்ன மீன் பிடிப்பதற்கும் தடை போட்டது. அதை நடைமுறைப்படுத்த முடியாமல் சில ஆண்டுகளில் கைவிட்டது. அப்போது காலநிலை மாற்றம் என்ற பேச்சே இல்லை.

அப்படியானால் இப்போது புதிதாக என்ன?

அடித்தளமே நகர்கிறது. மனிதர்கள் எரித்த நிலக்கரியாலும் எண்ணெயாலும் பூமியில் தேங்கிய கூடுதல் வெப்பத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேல் கடலுக்குள்தான் போயிருக்கிறது. வெப்பமண்டல இந்தியப் பெருங்கடலின் மேற்பரப்பு 1951க்கும் 2015க்கும் இடையில் சுமார் 1 டிகிரி செல்சியஸ் சூடாகியிருப்பதாக இந்தியப் புவி அறிவியல் அமைச்சகத்தின் மதிப்பீடு சொல்கிறது. அதே காலத்தில் உலகக் கடல்களின் சராசரி 0.7 டிகிரி. ஒரு டிகிரி என்பது நமக்குப் பெரிதாகத் தெரியாது, காலைக்கும் மாலைக்கும் அதைவிட அதிகமாக மாறுகிறது. கடலில் அது வேறு கணக்கு. மேல்மட்டத் தண்ணீர் சூடானால் லேசாகும், கீழே இருக்கும் குளிர்ந்த கனத்த தண்ணீரோடு கலக்காமல் மூடி போட்டதுபோல் மேலேயே நிற்கும். அந்த மூடியைப் பிளந்துகொண்டு சத்து மேலே வரக் காற்று இன்னும் கடுமையாக வேலை செய்ய வேண்டும். மேற்கு இந்தியப் பெருங்கடலில் மிதக்கும் பாசி ஆறு பத்தாண்டுகளில் 20 விழுக்காடு வரை குறைந்திருக்கலாம் என்று புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ராக்ஸி மேத்யூ கோல் தலைமையிலான குழு 2016இல் எழுதியது இந்தக் காரணத்தை வைத்துத்தான்.

இன்னொரு பக்கம் ஆக்சிஜன். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். ஆனால் தண்ணீர் சூடாக ஆக மீனின் உடல் அதிக ஆக்சிஜன் கேட்கும். வரவு குறைந்து செலவு கூடும் குடும்பம் மாதிரிதான்: முதலில் வெட்டு விழுவது வளர்ச்சியில். அதனால்தான் சூடான ஆண்டுகளில் மத்தி சிறுத்துப் போகிறது, சதைப்பற்றும் எண்ணெயும் குறைகிறது. அரபிக்கடலின் மேல்மட்டத்துக்குக் கீழே, நடு ஆழத்தில், ஏற்கெனவே ஆக்சிஜன் மிகக் குறைந்த ஓர் அடுக்கு இருக்கிறது. பருவக்காற்றில் ஆழத்துத் தண்ணீர் மேலே வரும்போது சத்தோடு சேர்ந்து அந்த மூச்சுமுட்டும் தண்ணீரும் வருகிறது. ஓரளவு வந்தால் விருந்து, அளவுக்கு மீறி வந்தால் மீன் கூட்டம் கரையோரத்துக்கு ஒதுங்கும் அல்லது அந்தப் பகுதியையே விட்டுப் போய்விடும்.

2015இல் பெரிய எல் நினோ வந்தது. பசிபிக் கடலின் நடுவிலும் கிழக்கிலும் தண்ணீர் சூடாகும் இந்த நிகழ்வு நம் பருவமழையையும் இந்தியப் பெருங்கடலையும் சேர்த்துக் குலைக்கும். 2012இன் உச்சத்துக்குப் பிறகு மத்தி சரிந்ததற்கு இதை ஒரு முக்கியக் காரணமாகக் கொச்சி ஆய்வாளர்கள் சொன்னார்கள். கூடவே இன்னொன்றையும் சொன்னார்கள், அது அவ்வளவாகப் பேசப்படவில்லை. 2012இன் பேரறுவடையிலேயே கடலில் இருந்த மீன் இருப்பு அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டிருந்தது. குஞ்சு மீனும் விடப்படவில்லை. கேரளத்தில் ஜூன், ஜூலை மாதங்களில் இழுவைப் படகுகளுக்குத் தடை உண்டு. ஆனால் ரிங் வலை போடும் வள்ளங்கள் பாரம்பரியத் தொழில் என்ற கணக்கில் அந்தத் தடைக்கு வெளியே. பாரம்பரியம் என்றதும் கட்டுமரம் நினைவுக்கு வரலாம். இன்ஜினை உள்ளேயே பொருத்திய இன்றைய இன்போர்டு வள்ளத்தில் நாற்பது பேர் வரை போகிறார்கள், வலை ஒரு முழுக் கூட்டத்தையே வளைத்து அடியைச் சுருக்கிவிடும். மத்தி முட்டையிட வரும் அதே மாதங்களில் இது நடக்கிறது. எனவே 2021இன் குற்றவாளி வெப்பம் மட்டும்தான் என்று எழுதினால் பாதிப் பேருக்கு வசதி, அவ்வளவுதான். ஏற்கெனவே மெலிந்துபோன இருப்பின்மீது வெப்பம் வந்து விழுந்தது என்பதே சரி.

இனி கிழக்கே வருவோம். 1980களின் நடுப்பகுதி வரை மத்தியின் வீடு மலபார் கரைதான், கேரளத்திலிருந்து தென் கர்நாடகம் வரை. கிழக்குக் கரையில் சூடை போன்ற அதன் உறவினர்கள் நிறைய உண்டு. மத்தி பெயருக்கு வரும். அதன் பிறகு மெல்ல வடக்கே குஜராத் பக்கமும், கன்னியாகுமரியைச் சுற்றி வங்கக் கடலிலும் பரவத் தொடங்கியது. அதுவரை மத்திக்குக் குளிர்ச்சியாக இருந்த வட பகுதிகள் சூடாகி அதற்கு ஏற்றவையாக மாறின என்று கடல் மீன்வள ஆய்வாளர் இ. விவேகானந்தன் போன்றோர் விளக்கினார்கள். தமிழ்நாட்டு வலைகளில் மத்தி டன் கணக்கில் விழ ஆரம்பித்தது. இங்கே அதைப் பேச்சாளை என்பார்கள், முதலில் வாங்க ஆளில்லை. வஞ்சிரமும் சங்கராவும் தின்று பழகிய ஊரில் எண்ணெய் வழியும் இந்த மீனுக்கு மதிப்பில்லை. ஐஸ் போட்டு லாரியில் ஏற்றிக் கேரளத்துக்கு அனுப்பினார்கள். மிச்சம் காய்ந்து கோழித் தீவனத்துக்கும் மீன்மாவு ஆலைக்கும் போனது. அப்புறம் கேரளத்தில் மத்தி வற்றிய ஆண்டுகளில் இந்த லாரிகள்தான் அங்கத்துச் சந்தையைத் தாங்கின. போதாததற்கு ஓமானிலிருந்தும் மத்தி வந்தது. மலையாளி வீட்டின் அன்றாட மீன் வளைகுடாவிலிருந்து இறக்குமதி ஆனது.

கேரளத்தின் இழப்பு தமிழ்நாட்டின் லாபம் என்று இதைக் கூட்டிக் கழித்துவிட முடியாது. மீன் நகர்ந்தால் தொழிலும் உறவும் சேர்ந்தே குலையும். மத்தியும் கானாங்கெளுத்தியும் கூட்டமாகத் திரிபவை, அவற்றைப் பிடிக்க, ரிங் வலை மாதிரியே கூட்டத்தை வளைத்து அடியைச் சுருக்கும் சுருக்குமடியைப் போல வேறு வலை இல்லை. தமிழ்நாட்டில் 2000ஆம் ஆண்டிலிருந்து சுருக்குமடிக்குத் தடை. ஆனால் கடலூர், நாகப்பட்டினம் பக்கத்தில் பல ஊர்கள் லட்சக்கணக்கில் கடன் வாங்கி அந்த வலையைப் போட்டன, தடையைக் கேட்கும் ஊர்களோடு மோதல் பலமுறை கைகலப்பு வரை போனது. வழக்கு உச்ச நீதிமன்றம் போய், 2023 ஜனவரியில் 12 கடல் மைலுக்கு அப்பால், வாரம் இரண்டு நாள், பகல் நேரத்தில் மட்டும் என்று இடைக்கால அனுமதி கிடைத்தது. இந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பது தனிக் கட்டுரை. இங்கே கவனிக்க வேண்டியது, கரையோர ஊர்களுக்கு இடையே எந்த வலை, எவ்வளவு தூரம் என்று பல தலைமுறையாக இருந்த ஏற்பாடுகளில் மத்தி போன்ற ஒரு புது வரவுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருக்கவில்லை. எல்லாவற்றையும் வெப்பத்தின் தலையில் கட்டவும் வேண்டாம். பாக் நீரிணையில் ராமேசுவரம் படகுகளுக்கும் இலங்கை வடக்கு மாகாண மீனவர்களுக்கும் இடையிலான பிரச்சினை இழுவை மடியால் வந்தது. அதற்கு வெப்பமானியைக் காட்டித் தப்பிக்க முடியாது.

சரி, 2024க்கு வருவோம். அந்த ஆண்டு பருவமழையும் கடல் நீரோட்டமும் வாய்ப்பாக அமைந்தன. பாசி பெருகியது, குஞ்சுகள் ஏராளமாகப் பிழைத்தன. கேரளக் கரையில் ஆண்டின் நடுவில் மத்தி கிலோ 350, 400 ரூபாய்க்கு விற்றது. அதன் பிறகு கூட்டம் கூட்டமாக வந்தபோது 20, 30 ரூபாய்க்கு விழுந்தது. காரணம் கூடையைப் பார்த்தாலே தெரியும். வளர்ந்த மத்தி கிலோவுக்குப் பதினைந்து, இருபது நிற்கும். வந்து விழுந்ததோ விரல் நீளத்து மீன், கிலோவுக்கு நூறு. அதைச் சுத்தம் செய்யவே ஒரு மணி நேரம் ஆகும், வீட்டுக்கு யாரும் வாங்கமாட்டார்கள். அத்தனை குஞ்சுகளும் ஒரே நேரத்தில் பிழைத்ததில் ஒவ்வொன்றுக்கும் கிடைத்த தீனி குறைந்து, வளர்ச்சி மட்டுப்பட்டது. 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த மத்தியைப் பிடிக்கக் கூடாது என்பது கேரளச் சட்டம். அந்த அளவை ஒட்டியே மீன் நின்றுவிட்டால் ஏலத்தில் யார் கேட்பார்? மீன்மாவு ஆலைதான்.

ஏலம் முடிந்து காசு கைக்கு வரும் வழியையும் பார்க்க வேண்டும். விற்ற தொகையில் முதலில் ஏலம் விடுபவரின் தரகு போகும். படகுக்காரர் வலைக்கோ இன்ஜினுக்கோ அவரிடம்தான் முன்பணம் வாங்கியிருப்பார், அதனால் வேறு ஆளிடம் விற்க முடியாது. அடுத்து டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு. மிச்சத்தில் படகுக்கும் வலைக்கும் ஒரு பங்கு, மீதியைத் தொழிலாளர்கள் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்வார்கள். இந்த ஏற்பாட்டில் செலவு முன்னால் நிற்கிறது, கூலி பின்னால் நிற்கிறது. கூட்டத்தைத் தேடி இரண்டு மணி நேரம் கூடுதலாக ஓடினால் அந்த டீசல் காசு பங்கு பிரிக்கும் முன்பே கழிந்து, தொழிலாளியின் பங்கும் சுருங்குகிறது. டன் கணக்கில் மீன் வந்த ஆண்டிலும் வள்ளத்தில் போனவர் வெறுங்கையோடு வீடு திரும்ப முடிவது இப்படித்தான். மொத்த மீன்பிடிப்பு கூடியது, குறைந்தது என்று செய்தித்தாளில் வரும் ஒற்றை எண் இதைக் காட்டாது.

கூடை தூக்கிப்போய் விற்கும் பெண்களுக்கு இது இன்னும் இறுக்கம். விசைப்படகின் பெரிய மீன் ஏற்றுமதி நிறுவனத்துக்குப் போய்விடும். சாளையும் நெத்திலியும் சூடையும்தான் தலைச்சுமை வியாபாரிக்கு எட்டும் விலையில் இருந்தவை. அது 400 ரூபாய்க்கு ஏறினால் முதல் போட முடியாது, 20 ரூபாய்க்கு இறங்கினால் லாபம் நிற்காது. மழை மாதம் தப்பிப் பெய்தால் காயப்போட்ட கருவாடும் புழுத்துப்போகும்.

இடம் மாறுவதோடு நேரம் மாறுவதும் நடக்கிறது. சென்னைக் கடலில் சங்கரா மீன் முட்டையிடுவது ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான சூடான மாதங்களிலிருந்து அக்டோபர் முதல் மார்ச் வரையிலான குளிர்ந்த மாதங்களை நோக்கி நகர்ந்திருப்பதை விவேகானந்தன் குழு பதிவு செய்திருக்கிறது. தனக்கு ஏற்ற வெப்பநிலை வேறு மாதத்துக்குப் போனால் மீனும் அந்த மாதத்துக்குப் போகிறது. கானாங்கெளுத்தி இடத்தை இன்னொரு விதமாக மாற்றிக்கொண்டது, கீழே போனது. 1980களின் நடுவில் பிடிபட்ட கானாங்கெளுத்தியில் அடிமட்ட இழுவை வலைகளுக்குக் கிடைத்தது 2 விழுக்காடு. இருபது ஆண்டில் அது 15 வரை ஏறியது. இழுவைப் படகுகளின் வலையும் வேகமும் அதே காலத்தில் மாறியதால் முழுப் பழியையும் வெப்பத்துக்குக் கொடுக்க முடியாது, ஆனால் திசை தெரிகிறது. மேல்மட்டத்தில் வலைவிரிக்கும் நாட்டுப்படகுக்காரரிடமிருந்து மீன் இறங்கி, ஆழத்தில் இழுக்கும் விசைப்படகுக்காரரின் மடிக்குப் போகிறது.

இப்போது நம் தடைக்காலத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். 2001இல் 45 நாளாகத் தொடங்கி 2017இல் நீட்டப்பட்டது. மீன் இனப்பெருக்கக் காலம் என்பதுதான் இதற்குச் சொல்லப்படும் காரணம். எல்லா மீனுக்கும் ஒரே இனப்பெருக்கக் காலம் எப்போதும் இருந்ததில்லை, அது தோராயமான ஏற்பாடு. படகுகள் இரண்டு மாதம் கட்டிக் கிடப்பதே கடலுக்கு நல்லது என்பதால் தடை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் சங்கரா மாதிரி மீன்கள் முட்டைக் காலத்தை நகர்த்திக்கொண்டே போனால், காக்க வேண்டிய நேரத்தில் கடல் திறந்தும், திறக்கலாம் என்ற நேரத்தில் மூடியும் கிடக்கும். தேதியை மாற்றுவது சுலபமும் இல்லை. படகு கரையேற்றிப் பழுது பார்க்கும் தச்சர் முதல் ஐஸ் தொழிற்சாலை, கல்யாணத் தேதி, கோயில் கொடைவரை அந்த இரண்டு மாதத்தைச் சுற்றியே அமைந்திருக்கின்றன.

நகர முடியாத உயிர்களின் கதை வேறு. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகள், அவற்றைச் சுற்றிப் பவளப் பாறைகள். பவளம் என்பது பூச்சி போன்ற சிறு விலங்குகளின் கூட்டம். தன் உடலுக்குள் ஒருசெல் பாசிக்கு இடம் கொடுத்து, அந்தப் பாசி வெயிலில் தயாரிக்கும் சர்க்கரையில் பெரும்பகுதியை வாங்கிப் பிழைக்கிறது. பவளத்தின் நிறமும் அந்தப் பாசியுடையதே. ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் 31, 32 டிகிரியில் வாரக்கணக்கில் நின்றால் பாசி நச்சுப் பொருள்களை வெளிவிட ஆரம்பிக்கும். பவளம் அதைத் துப்பிவிடும், துப்பியதும் வெளுத்துப் போகும். வெளுத்த பவளம் செத்த பவளம் இல்லை, பட்டினி கிடக்கும் பவளம். சில வாரத்தில் தண்ணீர் தணிந்தால் பாசி திரும்பி வரும். தணியாவிட்டால் சாவுதான்.

1998, 2010, 2016 என்று இங்கே பெரிய வெளுப்புகள் வந்தன. 2016க்கு முன் கடலடித் தரைப்பரப்பில் சுமார் 39 விழுக்காடு இருந்த உயிருள்ள பவளம் அந்த ஒரு கோடைக்குப் பிறகு 23க்கு இறங்கியதைத் தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் நீரில் மூழ்கி அளந்து சொன்னார்கள். 2020 மேயில் வந்த கடல் வெப்ப அலையில், அதாவது கடல் நீர் வழக்கத்தைவிட மிகச் சூடாகப் பல நாள் நின்றதில், இங்கத்துப் பவளத்தில் 85 விழுக்காடு வெளுத்தது. 2024இல் உலகம் தழுவிய நான்காவது வெளுப்பு அறிவிக்கப்பட்டது. 2010இன் அடிக்குப் பிறகு மூன்று நான்கு ஆண்டில் மன்னார் பவளம் ஓரளவு தேறியது உண்மை. இப்போதைய சிக்கல், தேறுவதற்குக் கிடைக்கும் இடைவெளி சுருங்குவது. இந்தியப் பெருங்கடலில் ஆண்டுக்கு 20 நாள் அளவில் இருந்த கடல் வெப்ப அலை, கரியமில வாயு உமிழ்வு இப்படியே போனால் இந்த நூற்றாண்டின் இறுதிக்குள் 220 முதல் 250 நாள் வரை நீளும் என்று ராக்ஸி கோல் குழுவின் 2024 ஆய்வு கணக்கிடுகிறது. வெப்ப அலை நடுவே சில மாதம் ஓய்வு என்ற நிலைமைக்கு அலை என்ற பெயரே பொருந்தாது.

இங்கேயும் முந்தைய கணக்கு ஒன்று உண்டு. சுண்ணாம்புக்காகப் பல பத்தாண்டுகள் இந்தப் பவளத்தை வெட்டி எடுத்தார்கள். பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போனதில் அந்த வெட்டுக்குப் பெரிய பங்கு. பாறை போனால் அலையைத் தடுக்க ஆளில்லை. கலவாயும் கிளிமீனும் சிங்கி இறாலும் ஒதுங்கும் பொந்தும் போகும். சிறு வள்ளத்தில் தூண்டிலும் மீன்கூடும் போடுபவர்களின் கடல் இதுதான், அவர்களால் ஆழ்கடலுக்குப் போக முடியாது.

இந்தக் கரையின் கடற்பாசி பொறுக்கும் பெண்களும் இதே தண்ணீரை நம்பியவர்கள். பாம்பன், சின்னப்பாலம், ஏர்வாடி பக்கத்தில் தலைமுறையாகச் செய்துவரும் வேலை. சேலைமேல் ஆண்களின் சட்டை, கண்ணுக்குக் கண்ணாடி, பாறை கிழிக்காமல் இருக்க விரலில் சுற்றிய துணி. மூச்சைப் பிடித்துக்கொண்டு மூழ்கி மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை என்று பறித்து இடுப்புப் பையில் போடுவார்கள். மாதத்தில் 12 நாளுக்கு மேல் கடலில் இறங்குவதில்லை என்று அவர்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்ட ஊர்கள் உண்டு. இதற்கு மாற்றாக வந்ததுதான் மூங்கில் மிதவையில் கட்டி வளர்க்கும் கப்பாபைக்கஸ் பாசி. 45 நாளில் அறுவடை, கையில் காசு. சில ஆண்டுகள் நன்றாக ஓடியது. 2013ஐ ஒட்டித் தண்ணீர் சூடாகி, மிதவை மிதவையாகப் பாசி வெளுத்து அழுகியது. பத்தாண்டு வளர்ந்த உற்பத்தி சரிந்தது. அந்தப் பாசியே தப்பிப் போய்க் குருசடைத் தீவுப் பவளத்தின்மேல் படர்ந்து மூச்சடைத்தது வேறு கொடுமை. ஆனாலும் காலநிலைக்கு ஏற்ற மாற்றுத் தொழில் என்று இன்றும் முதலில் சொல்லப்படுவது பாசி வளர்ப்புதான்! சூடு தாங்கும் நாற்றும், எந்தத் தீவுக்கு அருகே போடக் கூடாது என்ற தெளிவும் இல்லாமல் பெண்கள் கையில் மறுபடி மிதவையைக் கொடுப்பது அவர்கள் தலையில் இரண்டாவது கடனை ஏற்றுவது.

புயலைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, குமரி மாவட்டத்துக்கு ஒக்கி போதும். 2017 நவம்பர் கடைசியில் இலங்கைக்குத் தெற்கே உருவாகி, மிகக் குறைந்த நேரத்தில் புயலாக வலுத்து, தூத்தூர், வள்ளவிளை பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் ஏற்கெனவே பல நாள் தொலைவில் இருக்கும்போது அவர்கள்மேல் ஏறியது. எச்சரிக்கை வந்தபோது கேட்கும் தூரத்தில் அவர்கள் இல்லை. சூடான மேல்மட்டத் தண்ணீர்தான் புயலுக்கு எரிபொருள். அரபிக்கடலில் 2001 முதல் 2019 வரை வந்த புயல்கள் அதற்கு முந்தைய இரு பத்தாண்டுகளைவிட 52 விழுக்காடு அதிகம். இப்போது எச்சரிக்கைகள் நன்றாகவே வருகின்றன, அடிக்கடியும் வருகின்றன. ஒவ்வொரு எச்சரிக்கையும் ஒரு தொழில் நாள் போவது. உயிர் பிழைத்த அந்த நாளுக்குக் கூலி கிடையாது.

மற்ற கடல்களிலும் இதே இழைதான், ஊருக்கு ஒரு விதமாக. கிரிபாட்டி என்ற பசிபிக் தீவு நாட்டின் அரசு வருமானத்தில் பாதிக்கு மேல், தன் கடலில் சூரை பிடிக்கும் வெளிநாட்டுக் கப்பல்களின் உரிமக் கட்டணம். சூரை கிழக்கே நகர்ந்து பொதுக்கடலுக்குப் போனால் மீனுக்கு ஒன்றும் ஆகாது, பல தீவு அரசுகளின் கஜானா காலியாகும். வடக்கே, அலாஸ்காவை ஒட்டிய பெரிங் கடலில் 2018க்கும் 2021க்கும் இடையே ஏறத்தாழ 1,000 கோடி பனி நண்டுகள் காணாமல் போயின. சூடான தண்ணீரில் உடல் அதிகத் தீனி கேட்டு, தீனி கிடைக்காமல் பட்டினியால் செத்திருக்கின்றன. 2022இல் அலாஸ்கா அந்த நண்டுப் பிடிப்பை முதன்முறையாக முழுசாக மூடியது.

தகவல் இல்லாமல் இல்லை. ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல் தகவல் சேவை மையம் செயற்கைக்கோள் அளக்கும் வெப்பநிலையையும் பாசி நிறத்தையும் வைத்து எங்கே மீன் கூடியிருக்கலாம் என்று தினமும் சொல்கிறது, கடல் வெப்ப அலையைப் பற்றியும் அறிவிக்கிறது. பருவமழை மேகம் மூடிய நாள்களில் அந்தச் செயற்கைக்கோளுக்கும் கண் தெரியாது, மத்திக்கு முக்கியமான நாள்களோ அவைதான். தெளிந்த நாளில் சொன்னாலும் ஒரே இடத்தை எல்லோருக்கும் சொல்கிறார்கள், பெரிய இன்ஜின் முதலில் போய்ச் சேரும்.

நிவாரணம் மட்டும் பழைய கடலின் நாள்காட்டியிலேயே நிற்கிறது. தமிழ்நாட்டில் தடைக்காலத்துக்கு ஒரு குடும்பத்துக்குத் தரும் தொகையை 5,000இலிருந்து 8,000 ரூபாயாக உயர்த்துவதாக 2023 ஆகஸ்டில் அறிவித்தார்கள். மீன் குறைந்த மாதங்களுக்கென்று தனியாக ஓர் உதவித்தொகையும் உண்டு. இரண்டுக்கும் மாதம் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருக்கிறது. பயிர் வாடினால் வறட்சி என்று அறிவிக்க ஒரு முறை இருக்கிறது, வருவாய்த்துறை அளந்து எழுதுகிறது. தண்ணீர் சூடேறி ஒரு பருவம் முழுக்க மத்தி வராமல் போனால் அதை அளக்கக் கொச்சியிலும் ஹைதராபாத்திலும் ஆள்கள் இருக்கிறார்கள், எண்களும் இருக்கின்றன. அந்த எண்ணைப் பார்த்துப் பணம் ஒதுக்கும் அரசாணைதான் வர வேண்டியிருக்கிறது. வரும்போது அது படகின் பதிவு எண்ணுக்குப் போகுமா, வள்ளத்தில் நாற்பதாவது ஆளாகப் போகிறவருக்கும் கூடை சுமக்கிற பெண்ணுக்கும் போகுமா என்பதையும் அதிலேயே எழுதியாக வேண்டும்.